640 கிலோபைட்டுக்குள் கணக்குப் புரோகிராமுக்கு இடம் பிடிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து அரவை மில் ஒன்றில் பழைய வரவு செலவைப் பார்ப்பதற்காகவே வைத்திருக்கும் 386 செயலியுள்ள கணினியில், 4 மெகாபைட் நினைவகம் இருந்தும், நெல் கொள்முதல் கணக்குப் புரோகிராம் இடம் போதவில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தது. எம்எஸ்-டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் 5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ளவர்கள் இக்குறையைச் செலவின்றித் தீர்க்கலாம்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலிக்கு, நினைவக இடத்தைக் குறிக்கும் முகவரிக் கம்பிகள் 20 மட்டுமே இருந்ததால், 1 மெகாபைட்டுக்கு மேல் அதற்கு எட்டாது. அதிலும் மேல் பகுதியிலுள்ள 384 கிலோபைட் திரைக்கும், கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கப்பட்டு, புரோகிராம்களுக்கு 640 கிலோபைட்தான் மிஞ்சியது. பின்னால் வந்த செயலிகளிலும் டாஸ் அந்தப் பழைய முறையிலேயே ஓடியதால், புதிதாக நினைவகச் சில்லு வாங்கிப் போடுவது வீண் செலவு.

முதலில் 'மெம் /சி' என்று தட்டி, எந்த நிரல் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். மொத்தக் காலியிடத்தைவிட, ஓடக்கூடிய மிகப்பெரிய புரோகிராமின் அளவைக் காட்டும் வரிதான் முக்கியம். ஏனெனில் புரோகிராமுக்கு ஒரே தொடர்ச்சியான இடம் வேண்டும். டாஸ் நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 16 பைட்டில் ஒரு வரப்புப் போட்டு, அத்துண்டு யாருடையது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதி வைக்கிறது. வரப்பின் முதல் பைட்டில் 'எம்' இருந்தால் அடுத்த துண்டு உண்டு, 'இசட்' இருந்தால் அதுவே கடைசி. காவல் என்று எதுவும் இல்லாததால், அண்டை வயல்காரர் வரப்பை வெட்டிக்கொள்வதுபோல் ஒரு புரோகிராம் எல்லை தாண்டி எழுதினால், டாஸுக்குக் கணக்குத் தவறி, கணினி அப்படியே நின்றுவிடும்.

அடுத்து, டாஸ் துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்து, துவக்க ஃபிளாப்பி ஒன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் 1 மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தைக் கையாளும் ஹைமெம்.சிஸ், இரண்டாவதில் 640-க்கு மேலுள்ள காலி இடுக்குகளைத் திறந்துவிடும் இஎம்எம்386 ('நோஇஎம்எஸ்' சேர்த்து), மூன்றாவதில் டாஸை மேலே அனுப்பி அந்த இடுக்குகளையும் பயன்படுத்தச் சொல்லும் 'டாஸ்=ஹை,யூஎம்பி' இருக்க வேண்டும். அவசரத்தில் நான் முதல் இரண்டையும் மாற்றிப் போட்டதால் இஎம்எம்386 ஏறவேயில்லை. ஹைமெம் வழிவிட்ட பிறகுதான் அது வேலை செய்யும்.

ஹைமெம் செய்வது சுவையானது. 8088 ஒரு நினைவக இடத்தைச் செக்மென்ட், ஆஃப்செட் என்ற இரு எண்களால் குறிக்கும். செக்மென்ட் எண்ணை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் கிடைக்கும் மிகப்பெரிய முகவரி, 1 மெகாபைட் எல்லையை 65,520 பைட் தாண்டுகிறது. 8088-ல் அம்முகவரி சுற்றிக்கொண்டு தொடக்கத்துக்கே வந்துவிடும். 21-ஆம் கம்பியான ஏ20-ஐத் திறந்துவிட்டால் 286 முதலான செயலிகளில் அது உண்மையான இடமாகிறது. ஐபிஎம் ஏடி கணினியில் இந்த மடையைத் திறக்கும் வேலையை விசைப்பலகைச் சில்லிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். டாஸின் பெரும்பகுதி குடியேறுவது அங்கேதான்.

மவுஸ் போன்றவற்றுக்கான டிரைவர்களை 'டிவைஸ்ஹை' வழியாகவும், நிலையாகத் தங்கும் நிரல்களை 'லோட்ஹை' வழியாகவும், 640-க்கு மேலுள்ள காலி இடுக்குகளுக்கு ஏற்றுங்கள். பெரியதை முதலில் ஏற்றுவது நல்லது, சிறியது முந்திக்கொண்டால் பெரியதற்கு இடம் அமையாமல் போகலாம். 286 கணினியில் இஎம்எம்386 ஓடாது என்பதால், டாஸை மட்டும் மேலே அனுப்புவதோடு திருப்திப்பட வேண்டும்.

கணினியை மறுபடி துவக்கி 'மெம் /சி' பாருங்கள். மில்லில் 541 கிலோபைட்டாக இருந்த, மிகப்பெரிய புரோகிராமின் அளவைக் காட்டும் வரி 612 ஆனது. கணக்குப் புரோகிராமும் திறந்தது.