வீட்ல கலக்குற ஃபிலிம் டெவலப்பர் எத்தனை நாள் தாங்கும்?

பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிம் வீட்லயே கழுவுறவங்க முதல்ல டி-23ங்கிற டெவலப்பர் (ஃபிலிம்ல படத்த வெளிய கொண்டு வர்ற கரைசல்) கலந்து பாருங்க, ரெண்டே சாமான்தான். ஒரு லிட்டருக்கு மெட்டால் (படத்த கறுக்க வைக்கிற தூள்) 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். கெமிக்கல் கடைல வாங்கும்போது ஒரு விஷயம், சல்பைட், சல்பேட், சல்பைடு, பைசல்பைட் எல்லாம் காதுல ஒண்ணு போலத்தான் விழும், ஆனா நாலும் வேற வேற. அதனால வாயால சொல்லாம எழுதிக் கொடுங்க, டப்பால சோடியம் சல்பைட் அன்ஹைட்ரஸ்னு (தண்ணி சேராததுன்னு அர்த்தம்) இருக்கான்னு நீங்களே படிச்சுப் பாத்து வாங்குங்க.

தண்ணிக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் போதும். 750 மில்லிய 50 டிகிரிக்கு சூடு பண்ணுங்க. சல்பைட்ல ஒரே ஒரு சிட்டிகை முதல்ல போடுங்க, அப்புறம் மெட்டால் முழுசும். அது ஒரு துகள் கூட இல்லாம கரைஞ்ச பிறகுதான் மிச்ச சல்பைட்ட கொஞ்சம் கொஞ்சமா சேக்கணும். ஏன்னா சல்பைட் நிறைய இருக்கிற தண்ணில மெட்டால் கரையாது, வெள்ளையா செதில் செதிலா மிதக்கும், எவ்ளோ கலக்கினாலும் நிக்கும். அப்ப அந்த சிட்டிகை எதுக்குன்னா மெட்டால் கரையுற நேரத்துல காத்து அதைக் கெடுக்காம பாத்துக்க. எல்லாம் கரைஞ்சதும் ஒரு லிட்டருக்கு தண்ணி ஊத்திக்கலாம். மெதுவா கரண்டியால கலக்குங்க, பாட்டில்ல போட்டு குலுக்காதீங்க, நுரை வந்தா காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம். கைக்கு கிளவுஸ் கண்டிப்பா போடுங்க, மெட்டால் சிலருக்கு தோல்ல அலர்ஜி கொண்டு வரும், ஒரு தடவ வந்துட்டா அப்புறம் தொட்டாலே வரும்.

டி-76ங்கிற இன்னொரு டெவலப்பர் வேணும்னா அதுவும் கிட்டத்தட்ட இதே முறைதான், மெட்டால் 2, சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் (மெட்டால் மாதிரியே படத்த கறுக்க வைக்கிறது) 5, வெண்காரம் 2 கிராம், இதே வரிசைல. ஆனா இது பாட்டில்ல இருக்க இருக்க காரத்தன்மை கொஞ்சம் ஏறும், அதனால சில வாரம் ஆன டி-76 புதுசை விட வேகமா வேலை செஞ்சு கான்ட்ராஸ்ட் ஏத்திடும். பழசானா எல்லாம் வீக் ஆகும்னு நினைக்கிறோம்ல, இங்க தலைகீழ். வெண்காரத்த 8 கிராம் ஆக்கி போரிக் ஆசிட் 8 கிராம் சேத்தா இந்தத் தொல்லை அடங்கும்.

இப்ப தாங்குற கணக்கு. டெவலப்பரைக் கெடுக்கிறது நாளை விட காத்துதான். மூடி இறுக்கின, கழுத்து வரைக்கும் நிறைஞ்ச பாட்டில்ல டி-76 ஆறு மாசம் இருக்கும், அதுவே பாதி காலியா இருந்தா ரெண்டு மாசம்தான். அதனால ஒரு லிட்டர் கலந்த உடனே நாலு 250 மில்லி கண்ணாடி பாட்டில்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி வெச்சிடுங்க. ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில், அதோட அதே அளவு தண்ணி, கழுவி முடிச்சதும் கொட்டிடுங்க. தண்ணி சேத்தத அன்னைக்கே யூஸ் பண்ணிடணும். பாட்டில் நிறையலேன்னா கண்ணாடி கோலிக்குண்டு போட்டு மட்டத்த ஏத்தலாம், நான் அப்படித்தான் பண்றேன். லேபிள்ல பேரு, கலந்த தேதி, விஷம்னு பெருசா எழுதுங்க, வீட்ல குழந்தைங்க இருந்தா கூல்டிரிங்க்ஸ் பாட்டில் பக்கமே போகாதீங்க.

காபி தூள், சலவை சோடா, விட்டமின் சி போட்டு கலக்குற கேஃபினால் மட்டும் சேத்து வைக்கவே கூடாது. நான் ஒரு தடவ மிச்சத்த மூணு நாள் வெச்சிருந்து, அம்மாச்சி வீட்ல எடுத்த ரோல அதுல கழுவினேன். ஃபிக்ஸ் பண்ணி (படம் அழியாம நிலைக்க வைக்கிற வேலை) ரீல்ல இருந்து உருவினா முழு ஃபிலிமும் கண்ணாடி மாதிரி. ஓரத்துல வரவேண்டிய நம்பர் கூட இல்ல. அதை வெச்சுதான் புரிஞ்சுது, நம்பர் இருந்து படம் மட்டும் இல்லேன்னா கேமரால கோளாறு, நம்பரே இல்லேன்னா டெவலப்பர் செத்துப்போச்சு. அம்மாச்சி திண்ணைல உக்காந்து பூ கட்டுன அந்த 36 படமும் போனது இன்னைக்கும் மனசுல இருக்கு.

கலர நம்பி முடிவு பண்ணாதீங்க. டி-23 பிரவுன் ஆனா கொட்டிடலாம். ஆனா தண்ணி சேத்து யூஸ் பண்ற ரோடினால் டைப் கெட்டி டெவலப்பர் கறுத்துப் போயும் வருஷக்கணக்கா வேலை செய்யும், விட்டமின் சி டெவலப்பர் சிலது தெளிவா இருந்துகிட்டே செத்திருக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் பட்ட ஃபிலிம் நுனி ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்துலயே டெவலப்பர்ல முக்கிப் பாருங்க. புதுசா கலந்த அன்னைக்கு எவ்ளோ நேரத்துல நல்லா கறுத்துச்சுன்னு லேபிள்லயே குறிச்சு வெச்சா, அப்புறம் அதோட ஒப்பிட்டுக்கலாம். ரொம்ப இழுத்தா ரோல உள்ள விடாதீங்க.

கடைசியா சூடு. நம்ம ஊர்ல குழாய் தண்ணியே வெயில் காலத்துல 30 டிகிரிய தாண்டும், எவ்ளோ நேரம் கழுவணும்னு சொல்ற டைம் சார்ட் எல்லாம் 20 டிகிரிக்கு போட்டது. பாட்டில டப்பால நிறுத்தி சுத்தி ஐஸ் போடுங்க, டெவலப்பர் உள்ள ஐஸ் போட்டா கலவை நீத்துப் போயிடும்.