ஏற்காட்டுப் பனியில் வண்டி எடுக்கும்போது செய்யக்கூடாதவை

மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு லாட்ஜ் வாசல்களில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். இரவெல்லாம் வெளியே நின்ற கார் கூரை முதல் பம்பர் வரை நனைந்திருக்கும். டிரைவர் வந்து, ஸ்டியரிங்குக்கு நேராக ஒரு தட்டு அகலத்துக்கு உள்ளங்கையால் துடைப்பார். கதவுகளில் உள்ள பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி, லைட் எதையும் தொடமாட்டார். ‘போகப் போகக் காஞ்சிடும்’ என்று கியர் போட்டுவிடுவார். முதல் வளைவு வரும்வரை காய்ந்திருக்காது.

பனிக்கட்டி கொட்டுகிற நாடுகளில், முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடில் 229ஆம் விதி, கிளம்பும் முன் எல்லாக் கண்ணாடிகளிலிருந்தும் பனியை நீக்க வேண்டும், லைட்டும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும், கூரைமேல் இருப்பது மற்றவர் பாதையில் விழாதபடி தள்ளிவிட வேண்டும் என்கிறது. நமக்கு இங்கே வெறும் நீர்த்துளிதானே என்று நினைக்கலாம். கண்ணாடி வழியே சாலை தெரியாவிட்டால் அதை மறைப்பது பனிக்கட்டியா நீரா என்பதில் என்ன இருக்கிறது?

அந்தத் தட்டளவு ஓட்டை ஏன் போதாது என்பதற்கு, சேலத்துக்கு இறங்கும் மலைச்சாலையே பதில். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசியில் திரும்பும்போது நாம் போகப்போகிற சாலை முன் கண்ணாடியில் இருக்காது. வலது வளைவில் அது டிரைவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும். இடது வளைவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடியில் தெரியும். முன்னால் பாறையோ பள்ளமோதான் இருக்கும். ஆக, முன் கண்ணாடியை முழுக்கத் துடைத்துவிட்டுப் பக்கக் கண்ணாடிகளை விட்டவர்கூட பாதி வேலைதான் செய்திருக்கிறார். குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி, இறங்குபவர் ஒதுங்க வேண்டும் என்பது விதி. வருவதைப் பார்த்தால்தானே ஒதுங்க முடியும்? அந்த நேரத்தில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் சாலையோரம் நடந்து போவார்கள். காட்டெருமை திடீரென்று குறுக்கே நிற்கிற மலையும்கூட.

பக்கக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியவர்களைப் பற்றி என்ன சொல்ல. 2012இல் உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொன்ன பிறகும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் பலர். ஈரமும் ஃபிலிமும் சேர்ந்தால் விடியற்காலையில் அது கண்ணாடியே இல்லை, தகரம்.

சரி, துடைப்பதற்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: ஈரம் கண்ணாடியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே கையை வைப்பது. வைப்பரை ஒருமுறை ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும். தெளிந்தால் ஈரம் வெளியே, தெளியாவிட்டால் உள்ளே. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்று வெப்பம் குறையும் கணக்கில், ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி மாறிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வேர்ப்பதைப் போலத்தான் கண்ணாடியும்: எந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகமோ, அந்தப் பக்கம் வேர்க்கும்.

மலை ஏறும்போது வெளியே குளிர்கிறது, உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள். கண்ணாடி உள்ளே வேர்க்கும். இங்கேதான் சேலத்து டிரைவர்களின் பழக்கம் காலை வாரிவிடுகிறது. தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து வருஷம் முழுக்க ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டே வைத்திருப்பார்கள். அதாவது, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். நாலைந்து வளைவு ஏறியதும் ‘இனிமே எதுக்கு ஏசி, வண்டி இழுக்கட்டும்’ என்று ஏசியை அணைப்பார்கள். குளிர் தாங்காமல் கண்ணாடியையும் ஏற்றிவிடுவார்கள். ரீசர்குலேஷன் மட்டும் அப்படியே இருக்கும். ஐந்து பேரின் மூச்சும் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் வந்து படியும்.

இதற்கு ஏசியைப் போட வேண்டும், அணைக்கக்கூடாது. ஏசி குளிர்விக்க மட்டும் இல்லை, காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியும் போட்டு, குளிர்ந்தால் வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் நகர்த்தலாம். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் ஏதோ கெட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஒன்றும் ஆகாது. அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் ஒருமுறைகூடத் திருப்பாமலே காரை விற்றவர்கள் நம் ஊரில் உண்டு!

இறங்கும்போது கதை தலைகீழ். மேலே குளிர்ந்த கண்ணாடி, கீழே வர வர வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்திக்கிறது. வேர்ப்பது வெளிப்பக்கம். ஏசியை முழுக்குளிரில் முன் கண்ணாடிமேல் அடித்துக்கொண்டு வந்தால் இன்னும் மோசம். டிரைவர் அது உள்ளே என்று நினைத்துக் கையால் தேய்ப்பார், தெளியாது, மறுபடி தேய்ப்பார். இதற்கு வைப்பர் போதும். ஏசியின் குளிரைக் குறைத்துக் காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பினால் திரும்பவும் வராது.

கையால் தேய்ப்பதில் இன்னொரு வம்பு. உள்ளங்கை எண்ணெய் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது தெரியாது. எதிரே லைட் போட்டு ஒரு பஸ் வரும்போதுதான் கண்ணாடி முழுக்க வெள்ளையாகக் கலங்கும். டேஷ்போர்டு சாமி படத்துக்கு ஏற்றுகிற ஊதுவத்திப் புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அழுக்குக் கண்ணாடியில் ஈரமும் சீக்கிரம் படியும். மலைக்குப் போவதற்கு முந்தின நாள் சோப்புத் தண்ணீரால் உள்பக்கத்தைத் துடைத்து, சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் உலரவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இன்ஜினைத் துடைத்த பனியன் வேஸ்ட்டைக் கண்ணாடிக்கு எடுக்க வேண்டாம், தயவுசெய்து.

சேலத்துப் புழுதியோடு மேலே போன வண்டியில் பனி விழுந்தால் அது சேறு. அதன்மேல் எடுத்தவுடன் வைப்பரை ஓட்டினால் மணல் கீறிவிடும். முதலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரணத் தண்ணீர். கீசர் வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றினால், ஏற்கெனவே கல்பட்ட கண்ணாடியில் விரிசல் ஓடலாம்.

டிராவல்ஸ் வேன்காரர்கள் கூரையையும் பார்க்க வேண்டும். கேரியர்மேல் கட்டிய தார்ப்பாயில் ராத்திரி தேங்கிய தண்ணீர், இறக்கத்தில் முதல் பிரேக்குக்கு மொத்தமாக முன் கண்ணாடியில் கொட்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கூரைப் பனியைத் தள்ளாமல் ஓட்டினால், எதுவும் கீழே விழாவிட்டாலும் 25 முதல் 75 டாலர் அபராதம். நம்மிடம் அப்படி ஒரு விதி வந்தால் சுற்றுலா வேன்கள் தப்பாது. கூரையோடு, வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைகள் அங்கே அடைத்து நீர் வடியாமல் நிற்கும். வெளிக்காற்று உள்ளே வருவது அந்த வழியாகத்தான்.

வழியில் மேகம் இறங்கிவிட்டால் லைட்டைப் பிரைட்டில் போடுவது வீண். வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், டிம்தான் சரி. நாலு இண்டிகேட்டரையும் மின்னவிட்டபடி ஓட்டுவது வேறொரு கெட்ட பழக்கம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நிற்கிற வண்டிக்கான அடையாளம். நிற்பதென்றால் வளைவில் இல்லாமல் அகலமான இடத்தில் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

பைக்கில் வரும் பையன்களுக்கு வைசர்தான் கண்ணாடி. மூச்சுப்பட்டு மூடும்போது ஒரு விரல் அகலம் தூக்கிவிட்டால் தெளியும், ஹெல்மெட்டையே கழற்றி டேங்க்மேல் வைக்க வேண்டியதில்லை.

அப்புறம், இது எல்லாவற்றுக்கும் முந்தின ராத்திரி வேலை ஒன்று உண்டு. கிளியூர் அருவியில் நனைந்த துண்டையும் துணியையும் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். அந்த ஈரம் முழுக்கக் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கும். ஈரத் துணி, நனைந்த செருப்பு, கால்மிதி எல்லாவற்றையும் ரூமுக்கு எடுத்துப்போங்கள். முன் கண்ணாடிமேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் இரு ஓரங்களையும் கதவிடுக்கில் செருகினால் காலையில் துடைக்கிற வேலை பக்க, பின் கண்ணாடிகளுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான்.