சொந்த பில்ட் ஸ்கிரிப்டை விட்டு மீசானுக்கு மாறுவது எப்படி?

சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுத ஆரம்பிக்கும்போது அதைக் கம்பைல் செய்யும் பில்ட் ஸ்கிரிப்ட் ஒரே வரிதான். ஜிசிசி என்ற கம்பைலரைக் கூப்பிடு, எல்லாக் கோப்புகளையும் கொடு, முடிந்தது. அப்புறம் ஒரு லைப்ரரி வரும், கூடவே ஒரு வரி வரும். யாராவது “என் லினக்ஸில் ஓடவில்லை” என்பார்கள், ஒரு ‘இஃப்’ முளைக்கும். என் ஸ்கிரிப்ட் மூன்று வருடத்தில் 140 வரியைத் தொட்டது. அதில் பாதி வரிகள் எதற்கு இருக்கின்றன என்று, எழுதிய எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இந்த வேலையை ஏற்கெனவே பலர் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கருவிகள் செய்கின்றன. அப்படிப்பட்ட மூலத் திட்டத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்பார்கள். நாம் அதைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டுமே. பிழை இருந்தால் அங்கே திருத்தப்படும், திருத்தம் எல்லோருக்கும் வந்து சேரும். இங்கே நான் எடுத்துக்கொள்வது மீசான். இதே வகைக் கருவியான சீமேக் பழக்கம் இருந்தால் அதிலேயே செய்யுங்கள், வழிமுறை பெரும்பாலும் இதேதான்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: பழைய ஸ்கிரிப்டை விசாரியுங்கள்

எல்லோரும் தாவிக் குதிக்கும் படி இது. புதுக் கருவியைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். பழைய ஸ்கிரிப்டுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

ஸ்கிரிப்டைப் படிப்பதோடு நிறுத்தாமல், ஷெல்லுக்கு ‘-எக்ஸ்’ கொடுத்து ஓடவிடுங்கள். உண்மையில் ஓடிய ஒவ்வொரு கட்டளையும் திரையில் வரும். அதை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். ‘இஃப்’களுக்கு நடுவே எந்தக் கிளை ஓடுகிறது, மாறிகளுக்குள் கடைசியில் என்ன மதிப்பு வந்து உட்காருகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். ‘கருவியே செய்யும்’: அடைவு உருவாக்குவது, ஆப்ஜெக்ட் கோப்புகளைச் சேர்ப்பது, ஹெடர் மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்வது போன்றவை. ‘நான் சொல்லியாக வேண்டும்’: லைப்ரரிகள், கம்பைலருக்குக் கொடுக்கும் சிறப்புக் கொடிகள் (ஃபிளாக்ஸ்), நிறுவவேண்டிய கோப்புகள். ‘குப்பை’: எப்போதோ இருந்த கணினிக்காக எழுதியவை. என் 140 வரியில் நான் சொல்லியாக வேண்டியவை இருபதுகூடத் தேறவில்லை. குப்பை என்று குறித்ததைக் குப்பையிலேயே விடவும் மனசு வேண்டும். “இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று தோன்றினால், அந்த வரி சேர்ந்த கமிட்டை (மாற்றப் பதிவை) கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் தேடிப் படியுங்கள். காரணம் அங்கே எழுதியிருந்தால் அதிர்ஷ்டம்.

படி 2: ஒப்பிட ஒரு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

பழைய ஸ்கிரிப்டை வைத்துக் கடைசியாக ஒருமுறை முழுதாக பில்ட் செய்து, ஒரு வெற்று அடைவுக்குள் நிறுவுங்கள். எந்த அடைவுக்குள் நிறுவ வேண்டும் என்று சொல்லும் ‘டெஸ்ட்டிர்’ (‘டெஸ்டினேஷன் டைரக்டரி’யின் சுருக்கம்) என்ற சூழல் மாறியை மதிக்கும் ஸ்கிரிப்டாக இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் அந்த வசதியை மட்டும் சேர்த்துவிடுங்கள், அதற்குமேல் அந்த ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள். நிறுவப்பட்ட கோப்புகளின் பட்டியலை ‘ஃபைண்ட்’ வைத்து எடுங்கள். ‘ரீட்எல்ஃப் -டி’ கொடுத்து நிரல் எந்தெந்த லைப்ரரியைக் கேட்கிறது என்பதையும் எடுத்து வையுங்கள். பின்னால் இவைதான் சாட்சி.

படி 3: மிகச் சிறிய விவரக் கோப்பு

மீசானை உங்கள் லினக்ஸின் தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவுங்கள். அது பைத்தானில் எழுதப்பட்டது. லினக்ஸில் உண்மையான கம்பைல் வேலையை நிஞ்சா என்ற இன்னொரு கருவியிடம் ஒப்படைக்கும்.

திட்டத்தின் மேல் அடைவில் ‘மீசான் டாட் பில்ட்’ என்று ஒரு கோப்பு. முதல் வரியில் ‘புராஜெக்ட்’: அடைப்புக்குறிக்குள் திட்டத்தின் பெயர், மொழி, பதிப்பு எண். அடுத்து, லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிபென்டென்சி’. உதாரணமாக, தரவைச் சுருக்கும் லைப்ரரியான ‘ஸீலிப்’ என்று பெயரை மட்டும் சொன்னால் போதும். லைப்ரரிகளின் இருப்பிடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி மூலம் ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே என்று மீசானே தேடிக்கொள்ளும். கடைசியாக ‘எக்ஸிக்யூட்டபிள்’: நிரலின் பெயர், சோர்ஸ் கோப்புகள், தேவைப்படும் லைப்ரரிகள், கூடவே ‘இன்ஸ்டால்: ட்ரூ’. இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் நிரல் நன்றாக பில்ட் ஆகும், நிறுவும்போது மட்டும் காணாமல் போகும்.

ஸ்கிரிப்டில் ‘நட்சத்திரம் டாட் சி’ என்று எழுதியிருப்பீர்கள். மீசான் அதை ஏற்காது, ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பட்டியல் எழுதும்போது, எதற்கும் பயன்படாத இரண்டு கோப்புகள் மூன்று வருடமாக நிரலுக்குள் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது தெரியவந்ததும் எரிச்சல் தணிந்தது.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

‘மீசான் செட்அப் பில்ட்’ என்றால் ‘பில்ட்’ என்ற தனி அடைவு உருவாகும். சோர்ஸ் அடைவுக்குள்ளேயே குப்பை போட மீசான் விடாது. பிறகு ‘மீசான் கம்பைல் -சி பில்ட்’, இங்கே சி பெரிய எழுத்து. சோதனைகள் இருந்தால் விவரக் கோப்பில் ‘டெஸ்ட்’ என்று சேர்த்து, ‘மீசான் டெஸ்ட் -சி பில்ட்’. உங்கள் சோதனை சோர்ஸ் அடைவில் நின்று ஓடுவதாக நினைத்துக் கோப்புகளைத் தேடினால் தடுக்கி விழும். ‘வொர்க்டிர்’ கொடுத்துச் சரிசெய்யலாம்.

படி 5: சாட்சியோடு ஒப்பிடுங்கள்

டெஸ்ட்டிர் வைத்து இன்னொரு வெற்று அடைவில் நிறுவி, இரண்டு பட்டியல்களையும் ‘டிஃப்’ செய்யுங்கள். வித்தியாசம் இல்லாமல் இருக்காது. எனக்கு வந்தவை, உங்களுக்கும் வரக்கூடியவை:

நிரல் மெதுவாக ஓடியது. மீசானின் இயல்பான பில்ட் வகை ‘டீபக்’. அதில் ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகப்படுத்துவது) கிடையாது. பழைய ஸ்கிரிப்ட் ‘ஓ2’ என்ற ஆப்டிமைசேஷன் அளவைக் கொடுத்திருந்தது. அதே அளவு வேண்டுமென்றால் பில்ட் வகையை ‘டீபக்ஆப்டிமைஸ்டு’ என்று வைக்க வேண்டும். ‘ரிலீஸ்’ என்று வைத்தால் ‘ஓ3’ ஆகிவிடும். புராஜெக்ட் வரியிலேயே ‘டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இதைச் சொல்லிவிடலாம். ஒரு நாள் முழுக்க என் நிரலில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

லைப்ரரிப் பட்டியலில் ஒன்று குறைந்தது. பயந்துவிட வேண்டாம். மீசான், நிரலோடு லைப்ரரிகளை இணைக்கும் லிங்கரிடம் ‘தேவையானால் மட்டும்’ என்று சொல்லிவைக்கிறது. பழைய ஸ்கிரிப்ட் சும்மா இணைத்துவைத்திருந்த, ஒரு ஃபங்ஷன்கூட அழைக்கப்படாத லைப்ரரி அதனால் உதிர்ந்துவிட்டது.

லைப்ரரி நிறுவும் இடம் மாறியது. டெபியன் வகை லினக்ஸில் மீசான் ‘லிப்’ அடைவுக்குள் கணினி வகையின் பெயரில் உள்ள துணை அடைவைத் தேர்ந்தெடுக்கும். அந்த லினக்ஸின் வழக்கம் அதுதான். நம் ஸ்கிரிப்ட்தான் அதை மதிக்காமல் இருந்தது.

கம்பைலர் கொடிகளைச் சொல்லும் ‘சிஃபிளாக்ஸ்’ மாற்றியும் பலனில்லை. அந்தச் சூழல் மாறியை மீசான் முதல் செட்அப்பின்போது மட்டுமே படிக்கும். பில்ட் அடைவை அழித்துவிட்டு மறுபடி செட்அப் செய்யுங்கள்.

எந்தக் கோப்பு எந்தக் கொடியோடு கம்பைல் ஆனது என்று சந்தேகம் வந்தால், பில்ட் அடைவில் ‘கம்பைல் கமாண்ட்ஸ் டாட் ஜேசான்’ தானாகவே இருக்கும். படி 1-இல் சேமித்த பதிவோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்.

படி 6: பதிப்பு எண்

சொந்த ஸ்கிரிப்ட் பலவற்றில் ‘கிட் டிஸ்கிரைப்’ ஓட்டி, கிட்டிலிருந்து பதிப்பு எண்ணை எடுத்து ஒரு ஹெடர் கோப்பு எழுதும் வரி இருக்கும். அதை ‘ரன் கமாண்ட்’ மூலம் அப்படியே கொண்டுவந்தால் செட்அப் நேரத்தில் மட்டும்தான் ஓடும். புதுக் கமிட் போட்டாலும் எண் பழையதாகவே நிற்கும். இதற்கென்றே ‘விசிஎஸ் டேக்’ இருக்கிறது. ஒவ்வொரு பில்டிலும் சரிபார்க்கும். கிட் இல்லாத டார் கோப்பிலிருந்து பில்ட் செய்தால் புராஜெக்ட் வரியில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும். என் பழைய ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும்.

படி 7: கருவியில் இல்லாதது வேண்டுமென்றால்

இங்கேதான் பலர் பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுகிறார்கள். மீசானைச் சுற்றி இன்னொரு ஷெல் ஸ்கிரிப்ட், அதற்குள் நாலு ‘இஃப்’. ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். மீசானின் விவரக் கோப்பில் சொந்தமாக ஃபங்ஷன் எழுத முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கோப்பு உருவாக்கும் வேலை இருந்தால் ‘கஸ்டம் டார்கெட்’ போதுமா என்று பாருங்கள். போதாதா? முதலில் உங்கள் தேவையைச் சந்தேகப்படுங்கள். அதற்கும் பிறகு தேவை நிஜம்தான் என்றால், கோளாறைக் காட்டும் பத்து வரி மாதிரித் திட்டத்தோடு அப்ஸ்ட்ரீமில் பதிவுசெய்யுங்கள். பதில் வரும்வரை தற்காலிக ஏற்பாடு தவிர்க்க முடியாதுதான். பக்கத்தில் அந்தப் பதிவின் எண்ணைக் குறிப்பாக எழுதிவிடுங்கள், நீக்கும் நாளில் உதவும்.

படி 8: இரண்டும் சிலகாலம், பிறகு ஒன்று

பெரிய திட்டங்களே ஒரே இரவில் மாறவில்லை. 2017-இல், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் 234-ஆம் பதிப்பில் மீசானையும் பழைய பில்ட் கருவியான ஆட்டோடூல்ஸையும் சேர்த்தே வைத்திருந்தது. 235-இல்தான் பழையதை எடுத்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில் மீசானைச் சேர்த்தபோதும் பழைய முறையை நீக்கவில்லை. ஆனால் சின்னத் திட்டத்துக்கு ஒரு வெளியீடு போதும். அதற்குமேல் இரண்டையும் வைத்திருந்தால் ஒன்றில் கோப்பைச் சேர்த்து மற்றொன்றில் மறந்துவிடுவோம்.

அந்த ஒரு வெளியீட்டுக்குள் தானியங்கிச் சோதனையையும் ரீட்மீயையும் புதுக் கட்டளைகளுக்கு மாற்றுங்கள். ‘மீசான் டிஸ்ட்’ ஓட்டுங்கள்: கிட்டில் உள்ளதை வைத்து டார் கோப்பு செய்து, அதைப் பிரித்து, பில்ட் செய்து, சோதித்தும் காட்டும். கிட்டில் சேர்க்க மறந்த கோப்பு இருந்தால் இங்கே பிடிபடும். எல்லாம் பச்சையானதும் ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தை அழித்து, புது இரண்டு கட்டளைகளைத் திரையில் அச்சிட்டுப் பிழைக் குறியோடு வெளியேறும் மூன்று வரியை மட்டும் வையுங்கள். பழக்க தோஷத்தில் பழைய பெயரைத் தட்டுகிறவர்களுக்கு அது வழிகாட்டும். அடுத்த வெளியீட்டில் ‘கிட் ஆர்எம்’.