பொங்கல் இலைக்குக் காரசாரமாக ஒரு சீனிக்கிழங்குப் பொரியல்

பொங்கல் அன்று இலையில் சர்க்கரைப் பொங்கல் இருக்கிறது, பக்கத்தில் வாழைப்பழமும் கரும்பும் இருக்கின்றன. அதற்கு நடுவில் சீனிக்கிழங்கையும் வெல்லம் போட்டு வைத்தால் யாரும் இரண்டாவது வாய் எடுக்க மாட்டார்கள். கிழங்கின் இனிப்பைக் கொஞ்சம் அடக்கி, காரமும் புளிப்பும் ஏற்றி, சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ளும்படி செய்வதுதான் சரி என்பது என் எண்ணம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். சர்க்கரைவள்ளிக்கிழங்கை எங்கள் பக்கம் சீனிக்கிழங்கு என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு இந்தப் பொரியல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று காலையில் அடுப்படியில் நிற்கவே இடம் இருக்காது. பால் பொங்கி இறக்கியதும் இடிசாம்பார், அவியல், சிறுகிழங்கு, சேனை என்று வரிசையாக வேலை. சிறுகிழங்கை மண் போகத் தேய்த்துத் தோல் எடுப்பதற்குள்ளேயே ஒரு ஆள் ஓய்ந்துவிடுவார். சீனிக்கிழங்குக்கு அந்தப் பாடு கிடையாது. கழுவி, நறுக்கி, வேகவைத்து, தாளித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆறு பேருக்கு முக்கால் கிலோ போதும். கடையில் குவித்திருப்பதில் மிகப் பெரியதை எடுக்காதீர்கள், நடுவில் நார் ஓடியிருக்கும். கைப்பிடிக்குள் அடங்குகிற பருமனில், இரண்டு முனையும் ஒடுங்கி, தோல் இறுக்கமாக இருப்பதைப் பொறுக்குங்கள். சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ள கிழங்குதான் பொரியலுக்கு நல்லது. மாவுப் பதம் அதிகம், துண்டு உடையாது. ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்கள் இப்போது வருகின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் 'பூ சோனா' அப்படி ஒன்று. வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டின் அதில் நிறைய இருக்கிறது, குழந்தைகளுக்கு அவித்துக் கொடுக்க அருமையானது. ஆனால் ஆரஞ்சுச் சதையில் பொதுவாக ஈரம் அதிகம், தாளிக்கும்போது குழைந்துபோகும்.

தோலில் குண்டூசி முனை போல ஓட்டைகள் தெரிந்தால் அந்தக் கிழங்கைத் தொடவே வேண்டாம். கூன்வண்டு துளைத்த கிழங்கு அது. வண்டு தின்ற இடத்தைச் சுற்றிக் கிழங்கு ஒரு கசப்பைச் சுரந்துகொள்கிறது, எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. அப்படி ஒரே ஒரு துண்டு விழுந்தாலும் மொத்தப் பொரியலின் ருசியும் கெட்டுவிடும்.

வாங்கி வந்ததைக் காற்றோட்டமான கூடையில் போட்டு வையுங்கள். ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கிழங்கின் உள்சதை கெட்டுப்போகும். பிறகு எத்தனை நேரம் வேகவிட்டாலும் நடுவில் ஒரு இடம் கட்டை மாதிரி நிற்கும். பலரும் 'கிழங்கு சரியில்லை' என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, தோண்டி எடுத்துச் சில வாரங்கள் ஆன கிழங்கில் மாவுச்சத்து குறைந்து இனிப்பு ஏறியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் புதிதாகத் தோண்டி வருவதில் மாவு தூக்கலாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

தோல் எடுக்க வேண்டாம். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு முனையையும் நறுக்கித் தள்ளிவிட்டு, முக்கால் அங்குலக் கனத்தில் சதுரமாக வெட்டுங்கள். அந்த மெல்லிய தோல்தான் துண்டு உடையாமல் பிடித்துக்கொள்ளும். வெட்டும்போது பால் வடியும், கத்தியிலும் விரலிலும் ஒட்டும். வெட்ட வெட்டத் தண்ணீரில் போட்டுவிட்டால் துண்டுகள் கறுக்காது.

இனி வேகவைப்பது. இங்கேதான் பொரியலின் ருசி தீர்மானமாகிறது. கிழங்குக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, சூடு ஏறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரையான சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், அதற்கு மேலே போனால் நின்றுவிடும். முழுக்கிழங்கைச் சாம்பல் மூடிய தணலில் வெகுநேரம் சுட்டால் அப்படித் தேனாக இனிப்பது இதனால்தான். அந்தச் சூட்டில் கிழங்கு நிதானமாக நிற்கிறது, நொதிக்கு நேரம் கிடைக்கிறது. பொரியலுக்கு நமக்கு அது வேண்டாம். ஆகவே தண்ணீரை முதலில் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் துண்டுகளைப் போடுங்கள். சிறு துண்டுகள் அந்த இடைச் சூட்டைச் சட்டென்று கடந்துவிடும், இனிப்பு அளவோடு நிற்கும்.

அகலமான, அடி கனத்த சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள். கொதித்ததும் துண்டுகளை வடித்துப் போட்டு, ஒரு புரட்டுப் புரட்டி மூடிவிடுங்கள். தண்ணீர் துண்டுகளை மூழ்கடிக்கக் கூடாது, பெரும்பகுதி ஆவியிலேயே வேக வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு முறை மேல் கீழாகப் புரட்டுங்கள், ஏழெட்டு நிமிடத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்க வேண்டும், ஆனால் லேசாகத் தடுக்கவும் வேண்டும். குக்கரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு விசில் கூடினாலும் கூழாகிவிடும், நடுவில் திறந்து பார்க்கவும் வழியில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் இட்லிக் கொப்பரையில் தட்டு வைத்து அவித்துக்கொள்ளலாம், தண்ணீர் கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும்.

வெந்ததும் மிச்சத் தண்ணீர் இருந்தால் மூடியைத் திறந்து வற்றவிட்டு, துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் பரப்பிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மேல்பக்கம் காய்ந்து லேசாக இறுகும். அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுடச்சுடத் தாளிப்பில் போட்டால் கரண்டி படும் இடமெல்லாம் மசியும்.

அது ஆறுகிற நேரத்தில் மசாலா. அரை மூடித் தேங்காய்த் துருவல், நான்கு மிளகாய் வற்றல், அரை தேக்கரண்டி சீரகம். மூன்றையும் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக ஒதுக்கிக்கொள்ளுங்கள், அதாவது ஒன்றிரண்டாக அரைத்துக்கொள்ளுங்கள். அம்மியில் இரண்டு இழுப்பு போதும், மிக்ஸியானால் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று. நைசாக அரைத்தால் அது கூட்டாகிவிடும். காரம் வழக்கமான பொரியலைவிட ஒரு வற்றல் கூடவே இருக்கட்டும், கிழங்கு அதை வாங்கிக்கொள்ளும்.

இரும்பு வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். கடுகு வெடித்ததும் ஒரு தேக்கரண்டி உளுந்தம் பருப்பு, அது சிவந்ததும் நிறையக் கறிவேப்பிலை. சாமிக்குப் படைக்கிற வீடுகளில் வெங்காயம் சேர்க்க மாட்டார்கள். படையல் முடிந்த பிறகு செய்வதானால் பத்துச் சின்ன வெங்காயம் நறுக்கி வதக்கிக்கொள்ளுங்கள், வாசனையே வேறு. பிறகு கிழங்கைப் போட்டு, கரண்டியால் கிளறாமல், வாணலியைக் குலுக்கிக் குலுக்கி மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். ஓரங்கள் செம்பொன்னாக வரும்போது ஒதுக்கிய தேங்காயைத் தூவி, பச்சை வாசனை போகிற வரை மட்டும் புரட்டி இறக்குங்கள்.

இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும், அதனால் பழம் இல்லாத வீட்டில் ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலைத் தேங்காய்க்கு முன்னால் ஊற்றி வற்றவிடுங்கள்.

முந்தின நாளே கிழங்கைக் கழுவித் துடைத்து வைக்கலாம், வெட்ட வேண்டாம். தேங்காய் மட்டும் அன்றன்றைக்குத் துருவியதாக இருக்கட்டும். காலையிலேயே அவித்துப் பரப்பி வைத்துவிட்டு, இலை போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தாளித்தால் போதும்.

மிஞ்சினால் மாட்டுப்பொங்கல் அன்று பழங்கறியில் சேர்க்கலாம். முந்தின நாள் சாம்பாரும் மற்றக் காய்களும் சுண்டி, எண்ணெய் மினுங்க ஆரம்பித்த பிறகு கடைசியாகக் கிழங்கைப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து குழம்பு முழுக்க இனிக்கும்.