பெத்ரின் காட்டுக்குப் போகிறவர்களுக்கு

மொரீஷியஸில் சிவனை வழிபடக் கங்கா தலாவ் என்னும் புனித ஏரிக்குப் போகும் நம்மவர்கள் பலர் பெத்ரினைத் தாண்டித்தான் போகிறார்கள். காட்டுக்குள் இறங்கி நடப்பவர்கள் குறைவு. அந்தக் காடு, 1994-இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் தேசியப் பூங்காவான பிளாக் ரிவர் கார்ஜஸைச் சேர்ந்தது; கட்டாயம் போய் வாருங்கள்.

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பறவைகளின் நேரம் அதுதான். சிவராத்திரி வாரம் வேண்டாம். சாலை முழுவதும் காவடியும் கூட்டமுமாக இருக்கும். தலைநகர் போர்ட் லூயிஸில் வெயில் காய்ந்தாலும் இங்கே மழை பெய்யலாம்; மழைக் கோட்டு அவசியம். செருப்பு உதவாது, சேறு வழுக்கும். காட்டுக்குள் நுழையும் முன் காலணியின் அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சேற்றோடு களை விதைகளும் வரும்.

களை என்று நான் முதலில் சொல்வது நாம் ஆசையாகப் பறித்து, மிளகாய் உப்பு தொட்டுத் தின்னும் சீனக் கொய்யாவைத்தான். பிரேசிலிலிருந்து வந்த அந்தச் செடி அடர்ந்த இடத்தில் நம் மண்ணின் மரமான கருங்காலியின் கன்று தலைதூக்க முடியாது. பூங்காவில் வேலியடைத்து, களை பிடுங்கிக் காக்கும் பகுதிகள் உண்டு. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும். எனக்கு இந்தக் காட்டிலேயே முக்கியமான இடம் அதுதான்.

காட்டுக்குள் போகும் மக்காபே நடைபாதையில் பேச்சைக் குறையுங்கள். நம் நாட்டுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறா கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்: வெளிறிய ரோஜா நிற மார்பு, பழுப்பு இறக்கை, செம்பழுப்பு வால். காலில் வண்ண வளையம் தெரிந்தால், அதைக் கண்காணிக்கிறார்கள் என்று பொருள். 1990-களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ 10 புறாக்களே மிஞ்சியிருந்தன. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பச்சைக்கிளியைக் கண்டால் அலகைப் பாருங்கள். நம் மண்ணின் கிளியில் பெண்ணின் அலகு கறுப்பு. வெளியிலிருந்து வந்த கிளியில் ஆண், பெண் இரண்டுக்குமே சிவப்பு.

குரங்குக்குக் கோயில் பழத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தக் குரங்குதான் பறவைக் கூட்டில் முட்டையைத் தின்கிறது.

குழந்தைகளும் பெரியவர்களும் உடன் வந்தால் மக்காபே காட்சிமுனை வரை போய்த் திரும்புவது நல்லது. பள்ளத்தாக்கின் மேல் நீண்ட வால் கொண்ட வெள்ளைப் பறவைகள் வட்டமிடும். அங்கிருந்து பிளாக் ரிவர் பக்கம் இறங்கும் பாதை செங்குத்து, முழங்கால் வலிக்கும். இறங்குவதென்றால் கீழே ஒரு காரை நிறுத்திவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.