லாகின், பாஸ்வேர்டு நிர்வாகத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது?

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? ஊழியர்களின் லாகின், அனுமதிகளை நிர்வகிக்க மென்பொருள் வாங்கலாமா என்று முதலாளி கேட்டால், லைசென்ஸ் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் இன்றைக்கு ஆகும் செலவை அளந்துவிடுங்கள். ஒரு மாதம், ஒரு நோட்டு போதும். 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு' என்று வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் எத்தனை நிமிடம் போனது என்று எழுதுங்கள். மாதம் 60 அழைப்பு, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20 மணி நேரம். சரி, அழைத்தவரும் அதுவரை வேலையில்லாமல்தானே உட்கார்ந்திருந்தார்? அப்படியானால் 40 மணி நேரம், அதாவது ஒரு ஆளின் ஐந்து நாள் சம்பளம். இது எந்த பில்லிலும் வராது.

அப்புறம், புதிதாகச் சேர்ந்தவர் லாகின் கிடைக்காமல் காத்திருந்த நாட்கள். வேலையை விட்டுப் போனவரின் மெயிலுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சந்தா. சம்பளப் பட்டியலையும் லாகின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதில் பணம் மட்டும் போவதில்லை, அது பூட்டாத கதவு. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

புதிய மென்பொருளுக்கு மூன்று ஆண்டுக் கணக்காகப் போடுங்கள்: நிறுவும் கூலி, டேலி கணக்கு மென்பொருளோடு இணைக்கும் வேலை, பயிற்சி, பராமரிப்பு. யார், எப்போது லாகின் செய்தார் என்பது போன்ற லாக் பதிவுகளைச் சேமிக்கும் இடத்தின் செலவையும் சேருங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி அவற்றை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

மென்பொருள் வந்த பிறகும் அதே நோட்டை இன்னொரு மாதம் எழுதுங்கள். அந்த 60 எவ்வளவாகக் குறைந்தது என்று முதலாளியிடம் காட்டலாம்.