ஏரிக்கரையில் இருந்து ஆரம்பியுங்கள்: காட்டுயிர்ப் படங்களுக்குக் கேமரா பாடி வாங்கும் முறை

"எந்த பாடி வாங்கலாம்?" (பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா) என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?" கடையில் நின்று என்றால் எல்லா கேமராவும் நல்ல கேமராதான்.

நான் முதலில் வாங்கியது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது படத்தைப் பதிக்கும் சென்சார் என்ற சில்லு பழைய ஃபிலிம் அளவுக்கு இருக்கும். கூடவே 24-105 மி.மீ. லென்ஸ் (மி.மீ. கூடக் கூடத்தான் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). கல்யாண வீட்டுக்கு அருமையான ஜோடி. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரிக்குப் போனேன். கூழைக்கடாக் கூட்டம் ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் நீலத் தட்டில் நாலு சோற்றுப் பருக்கை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: பறவை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது?

கேமரா வாங்குவதற்கு முன்பு, அக்டோபர் முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு காலையில் வெறுங்கையோடு போய் வாருங்கள். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கடலூர்ப் பக்கம் என்றால் வீராணம், பிச்சாவரம் எதுவானாலும் சரி. ஏரியின் கிழக்குக் கரையில் நின்றால் காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை பளிச்சென்று தெரியும். கரையில் ஒரு காலடிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்து நடந்து பாருங்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் வந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் 400 மி.மீ. லென்ஸ். பறவையின் நீளத்தை லென்ஸின் மி.மீ.யால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் உருவம் 5.6 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 24 மெகாபிக்சல் என்றால் அந்த அகலத்தில் 6000 புள்ளிகள். மீன்கொத்திக்குக் கிடைப்பது சுமார் 930. அதே 24 மெகாபிக்சல், 23.5 மி.மீ. அகலமுள்ள கிராப் சென்சாரில் இருந்தால் சுமார் 1430 புள்ளிகள். ஃபுல் ஃப்ரேமில் இதே அளவு வேண்டுமென்றால் 600 மி.மீ. லென்ஸ் மாட்ட வேண்டும். அந்த லென்ஸின் விலையையும் எடையையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், போதும்.

படி 2: பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருப்பதில் பத்துக்கு ஆறு பங்காவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் வருவதுதான் உங்கள் பாடி. லென்ஸ் பத்து வருடம் கூட வரும். பாடி மூன்று, நான்கு வருடத்தில் பழசாகிவிடும்.

படி 3: சென்சார்

திறந்த ஏரி என்றால் கிராப் சென்சார் போதும். தொடக்கக்காரருக்கு அதுதான் நல்லது என்பேன். பிச்சாவரம் வேறு மாதிரி. சுரபுன்னைக் காட்டின் குறுகிய வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். பறவையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தை உணரும் அளவை) 3200, 6400 என்று ஏற்ற வேண்டி வரும், ஃபுல் ஃப்ரேம் கொஞ்சம் சுத்தமான படம் தரும். நிக்கான் இசட்8 போன்ற 45 மெகாபிக்சல் பாடியில் கிராப் முறையிலும் 19 மெகாபிக்சல் கிடைப்பதால் இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும். ஆனால் அது முதல் கேமராவுக்கான விலை இல்லை.

படி 4: ஃபோகஸ்

இங்கேதான் பாடியின் உண்மையான வேலை இருக்கிறது. பிச்சாவரத்தில் ஒரு படகுக்கார அண்ணன் என் பழைய கேமராவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், குருவி போனப்புறம்தான் உங்க மிஷினு முழிச்சுக்குது."

"என்னண்ணே பண்றது, பழசு."

"பழசுன்னா மாத்துங்க சார். நான் துடுப்ப மாத்தலயா?"

அவர் சொன்னது சரி. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, பறக்கும்போதும் விடாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடிகளில் வந்துவிட்டது. விவரப் பட்டியலில் "விலங்குக் கண்" என்று மட்டும் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். சோனி ஏ6400-இல் அது நாய், பூனைக்கானது. "பறவை" என்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: வேகம், பஃபர்

விநாடிக்கு 8 முதல் 15 படம் போதும். 30, 40 என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது திரை அசையாமல் சென்சாரை வரிவரியாகப் படிக்கும் முறையில். சென்சாரைப் படிக்கும் வேகம் குறைவான பாடிகளில் அப்படி எடுத்தால், சிறகடிக்கும் பறவையின் இறக்கை ரப்பர் மாதிரி வளைந்து விழும். கேனன் ஆர்7-இல் இந்தத் தொல்லை உண்டு. பறப்பதை எடுக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள், அதிலேயே விநாடிக்கு 15 வருகிறது.

பஃபரை, அதாவது கார்டில் ஏறும் முன் படங்கள் காத்திருக்கும் இடத்தை, யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். நிக்கான் டி7500 விநாடிக்கு 8 வீதம் சுமார் 50 ரா (கேமரா மெருகேற்றாத மூல) படம் எடுத்ததும் மூச்சு வாங்கும், அதாவது ஆறு விநாடி. டி500 வேகமான கார்டோடு 200 வரை போகும். செம்பருந்து மீனைத் தூக்கும் நேரம் உங்கள் ஏழாவது விநாடியில் வந்தால் என்ன செய்வீர்கள்?

படி 6: கையில் பிடித்துப் பாருங்கள்

பெரிய லென்ஸை மாட்டச் சொல்லி, ஐந்து நிமிடம் கண்ணில் வைத்து நில்லுங்கள். சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் அந்த பாடி உங்களுக்கு ஆகாது. முடிந்தால் சென்னையில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 7: சரி, பெயர் சொல்லுங்கள் என்றால்

புதிதாக வாங்க: கேனன் ஆர்10 (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் பாடிக்குள் இல்லை, லென்ஸில் இருந்தால் கவலையில்லை), கொஞ்சம் கூடப் போட்டால் ஆர்7. நிக்கான் என்றால் இசட்50-இன் இரண்டாவது பதிப்பு, சோனி என்றால் ஏ6700. நாலிலும் பறவையைப் பிடிக்கும் ஃபோகஸ் உண்டு. எனக்கு ஆர்7-இன் இரண்டு கார்டு இடம் பிடிக்கும், ஒரு கார்டு போனாலும் நாள் போகாது.

பணம் இடித்தால் செகண்ட் ஹேண்ட் டி500, அதோடு நிக்கான் 200-500 லென்ஸ். 2016-இல் வந்த பாடிதான், பறவைக் கண் எல்லாம் தேடாது, ஆனால் 153 ஃபோகஸ் புள்ளிகளோடு இன்றும் ஓடுகிறது. நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ் வாங்கினாலும், பழைய லென்ஸை அதில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அதே லென்ஸை வைத்துக்கொள்ளலாம்.

படி 8: பழசு வாங்கும்போது

ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை முறை கிளிக் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்தின் உள்தகவலிலேயே அது இருக்கும், கேனனில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும். டி500-இன் ஷட்டர் 2 லட்சம் வரை தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. அப்புறம் லென்ஸின் துவாரத்தை எஃப்16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும்.

நம் ஊருக்கென்று இன்னொரு சோதனை. மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் இருக்கும் குட்டித் திருகாணிகளைப் பாருங்கள், பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துச் செம்புத் தகடுகளைப் பாருங்கள். துருவோ பச்சைக் களிம்போ இருந்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வாங்கிய பிறகு நீங்களும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்ததும் வெளியே திறக்காதீர்கள், வியர்த்துவிடும். பையோடு அரை மணி நேரம் விடுங்கள்.

படி 9: முதல் வாரம்

ஏரிக்கு ஓட வேண்டாம். காலை ஆறரை மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். ஷட்டர் 1/2000, தொடர் ஃபோகஸ். பாறைமேல் வந்து இறங்கும் காக்கைகளை எடுங்கள். கறுப்பு உடம்பில் கறுப்புக் கண், எந்த ஃபோகஸுக்கும் சிரமமான ஆள். 100 படத்தில் 30 கூர்மையாக விழுந்ததும் ஊசுட்டேரிக்கு வண்டியை எடுங்கள்.